விளக்கில் பிடித்துப் பார்த்த கவர்

சோஃபியா,
நவம்பர் 23, 2020

அன்புள்ள லியுட்மிலுக்கு,

ருமியானா எழுதுவது. நலமா என்று கேட்கவே கை கூசுகிறது. மூன்று வாரமாக வீட்டுக்கே போகாமல், கொரோனா நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வார்டிலேயே படுத்து எழுகிறாயாம். இங்கே எங்கள் கட்டட வாசலில் மரண அறிவிப்பு ஒட்ட இடமில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஒட்டுகிறார்கள்.

என் தம்பி அசென் தேறிவிட்டான். இப்போது என் வீட்டில்தான் இருக்கிறான். நேற்று சாப்பிடும்போது உன் புகழ்தான். "லியுட்மில் அண்ணன் மாதிரி யாரு வருவாங்க, அக்கா? ஒட்டின ரெண்டு கவரை எக்ஸ்ரே விளக்குல பிடிச்சுப் பார்த்தாரு. உள்ளே மருந்துன்னு எழுதியிருந்ததை எனக்கு வச்சுக்கிட்டு, இன்னொண்ணைப் பக்கத்துக் கட்டில் இலியா மாமாவுக்குப் போட்டாரு" என்று சிரித்தான். நான் சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இன்று அலுவலகம் போனதும் நம் மருந்துச் சோதனையில் உன் ஆஸ்பத்திரி சேர்த்த நாற்பத்து நாலு பேர் பட்டியலை எடுத்தேன். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கெல்லாம் மருந்து. தனிக்கட்டைக் கிழவர்களில் ஒருவருக்கும் இல்லை. யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்பதைக் குலுக்கல் சீட்டே முடிவு செய்யட்டும் என்றுதானே கவரை ஒட்டி அனுப்பினேன்? இளவயசுக்காரர்கள் மருந்தில்லாமலும் பிழைப்பார்களே. மற்ற எட்டு ஆஸ்பத்திரிகளில் எந்தப் பயனும் காட்டாத மருந்து உன்னிடம் மட்டும் அற்புதம் செய்கிறது. வியாழக்கிழமை நிதிக்குழு கூடுகிறது. உன் பட்டியலை நம்பினால் இருக்கிற பணமெல்லாம் இதற்கே போய்விடும். அடுத்த மருந்தின் சோதனை நின்றுபோகும்.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. "அசெனைப் பார்த்துக்கோடா" என்று போனில் அழுதவள் நான்தான். இலியா இறந்துவிட்டார். மருந்து கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு பாடும். அதைத்தான் நாம் இருவரும் கெடுத்தோம்.

வியாழனுக்குள் நடந்ததை நீயே எழுதிக் கொடுத்துவிடு. வேலை போகலாம், எனக்கும்தான். என் பங்கை எழுதி வைத்துவிட்டேன். உன் கடிதம் வந்தால் சேர்த்துக் கொடுப்பேன்; வராவிட்டால் தனியாகக் கொடுப்பேன்.

அசென் உனக்கு ஒரு பாட்டில் பிளம் சாராயம் கொடுத்தனுப்புகிறான். அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உயிர் கொடுத்தவன் நீ என்று அவன் நம்புகிறான். கடவுள் மன்னிக்கட்டும், நானும் நம்புகிறேன். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், எழுதி முடித்துவிட்டு அந்தப் பாட்டிலைத் திற.

உன் வகுப்புத் தோழி,
ருமியானா