மேட்டுக்காட்டுப் பள்ளத்துக்கு நீ போட்ட கையெழுத்து

பல்லடம்
கார்த்திகை 3

அன்புள்ள கிருபாசங்கருக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கோபத்துக்கும் குறைவில்லை. கனடாக் குளிரில் நீயும் மருமகள் புவனாவும் பத்திரமாக இருங்கள். போனில் நான் கத்தினால் 'சிக்னல் இல்லீங்கப்பா' என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

மனை பிரித்து லேஅவுட் போடும் சுந்தரராஜுலு நேற்று வந்தார். உன் பெயரில் இருக்கும் மேட்டுக்காட்டின் நடுவே மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தை மூடி, இரண்டடிக் குழாய் பதிக்க நீ சம்மதக் கடிதம் அனுப்பியிருக்கிறாயாம். 'வருசத்துல நாலு நாள் தண்ணி வர்ற பள்ளம்ங்க, தம்பி படிச்சவரு, சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாரு' என்று எனக்கு ஒரு குத்து வேறு. ஏண்டா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் உன் படிப்பு குறைந்துவிடுமா? அந்த நாலு நாள் தண்ணீர் எங்கே போகும், உன் லேப்டாப்புக்குள்ளா?

ஐப்பசி மழையில் கோழி ஷெட் நனைந்தது என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். வெட்கத்தில் மீதியை விழுங்கிவிட்டேன். அந்த ஷெட்டை நான் கட்டியதே ஒரு சின்னப் பள்ளத்தின் மேல்தான். மணல் படிந்து சமமாகக் கிடந்தது, ஜேசிபி செலவு மிச்சம் என்று என் கெட்டிக்காரத்தனத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதைச் சமப்படுத்தி வைத்ததே தண்ணீர்தான் என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு வந்த வெள்ளம் என் நீளச் சுவரில் முட்டித் திரும்பி, கீழே ஆடு மேய்த்துப் பிழைக்கும் கருப்பாத்தாள் வீட்டுக்குள் புகுந்தது. இரண்டு ஆடு போயிற்று, அவள் கட்டில் மேல் ஏறி நின்று தப்பித்தாள். விடிந்ததும் வந்து, 'ஏனுங்க, தண்ணி அதும்பாட்டுக்குப் போயிட்டிருந்துச்சு, எங்க ஊட்டு வழியை அதுக்கு ஏனுங்க காட்டி உட்டீங்க' என்று கேட்டாள்.

மழை விட்டதும் குடையை ஊன்றிக்கொண்டு மேட்டுக்காடு முழுக்க நடந்தேன். உச்சியில் தண்ணீர் விரல் அகலம்தான் கீறியிருக்கிறது. இரண்டு கீறல் சேர்ந்த இடத்தில் முழங்கால் ஆழம், அது இன்னொன்றோடு சேர்ந்தால் ஆள் ஆழம். வளைவில் ஒரு கரையை அரித்து எதிர்க்கரையில் மணலைக் கொட்டி, தனக்கு வேண்டிய தடத்தைத் தானே வெட்டிக்கொண்டு நொய்யலுக்குப் போகிறது. நம் காட்டில் மட்டும் பதினேழு கீறல் எண்ணினேன். எட்டாம் வகுப்பில் ஆற்றை வரையச் சொன்னபோது முருங்கை மரம் மாதிரி வரைந்து முட்டை வாங்கினவன் நான். இப்போது பார்த்தால் மரம் சரிதான், தண்ணீர்தான் நுனிக்கிளையிலிருந்து அடிமரத்துக்கு வருகிறது. பதினேழு கிளையையும் இரண்டடிக் குழாயில் திணிக்கச் சொல்லி நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். முட்டை இனி உனக்குத்தான்.

நான் தெரியாமல் செய்தேன், நீ தெரிந்தே செய்யாதே. சம்மதத்தை ரத்து செய்து இந்த வாரமே சுந்தரராஜுலுவுக்குக் கடிதம் அனுப்பு, எனக்கு ஒரு நகல் வேண்டும். அதைக் கருப்பாத்தாளிடம் நானே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இன்று காலை ஷெட்டின் நீளச் சுவரை இடிக்கத் தொடங்கிவிட்டேன், கையெல்லாம் கொப்புளம், எழுத்து கோணியிருந்தால் அதுதான் காரணம். அம்மா திட்டிக்கொண்டே மஞ்சள் வைத்துவிட்டாள்.

இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். காதை மூடித் தொப்பி போட்டுக்கொள், என் பேச்சு கேட்கும் அளவுக்கு மட்டும் திறந்து வை. நீ அடுத்து வரும்போது ஷெட் இருக்காது, பள்ளம் இருக்கும்.

கோபத்தோடும் ஆசியோடும்,
அப்பா குமாரசாமி