சீவல் டின்னுக்குள் காற்று

ஜூன் 3, செவ்வாய்

காலையில் பட்டறையைக் கூட்டினேன். லேத் பக்கத்தில் பேத்தி போட்டிருக்கும் ஸ்டூல் வழக்கம்போலத் துடைப்பத்தை மறித்தது. நகர்த்தி வைடி என்று எத்தனை தடவை சொல்லியாயிற்று. "அது என் சிம்மாசனம் பாட்டி. ராணி வெளிய போயிருக்கப்ப தொடக்கூடாது" என்கிறாள். கொழுப்பு. என்னிடமிருந்து வந்த கொழுப்புதான், வேறு எங்கிருந்து வரும்?

முன்னால் பட்டறை, பின்னால் வீடு. மகன் சின்ன ரேஸ் வண்டிகளுக்குப் பாகம் கடைந்து கொடுக்கிறான். அவன் கை வைத்தால் மயிரிழை பிசகாது. பேத்தி படித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்த ஸ்டூலில்தான். இப்போது வெளியூர் ரேஸ் அணி ஒன்று அவளை மெக்கானிக்காகக் கேட்கிறது! அந்த அணியின் மேலாளர் அம்மா சொன்னார்களாம்: "நீ வேலை கத்துக்கிட்டது உங்க அப்பாகிட்ட. அவர் வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்றோம்." வருகிற வாரம், இல்லாவிட்டால் அதற்கடுத்த வாரம் போன் வரும்.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் குஞ்சு நிஜமாகவே பொன். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

எழுத்து கோணுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் கையெழுத்தில் நான்தான் முதல். இன்று அதுகூட இல்லை.

பட்டறையில் தீ. பேத்திப் பிள்ளைக்கு வலது கை வெந்து பொத்துப்போய்விட்டது. புருவம், முன்மயிர் கருகிவிட்டது. கண் பிழைத்தது. கண் பிழைத்தது. போதும். இன்றைக்கு இது போதும்.

ஜூன் 6, வெள்ளி

இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

வெள்ளையாய், எடையே இல்லாத உலோகம் ஒன்று கடைவார்கள். மெக்னீசியம். கடையும்போது விழும் அதன் சீவல் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால் இன்னும் மூளும். ஈரமே ஆகாது. அதனால் மகன் அந்தச் சீவலை ஒரு டின்னில் போட்டு, மண்ணெண்ணெயில் மூழ்க வைத்து, மூடியை அழுத்தி மூடுவான். எனக்குத் தெரிந்து என்றும் அப்படித்தான்.

நேற்றுப் பிள்ளை அந்த டின்னைத் திறந்திருக்கிறாள். அந்தக் கோடியில் மகன் சாணைக்கல்லில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். பொறி பறந்திருக்கிறது.

அவள் சொல்வது: "மூடி உப்பி இருந்துச்சுப்பா. தொட்டதும் புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு. தீயே கண்ணுக்குத் தெரியல, சூடுதான் தெரிஞ்சுது."

அவன் சொல்வது: "கண்ணுக்குத் தெரியாத தீ எங்கடி இருக்கு? பெட்ரோல்ல பாகம் கழுவிட்டு டப்பாவை மூடாம வச்சிருப்ப. பொறி பட்டுருக்கும். ஒத்துக்க."

"மூடித்தான் வச்சேன்."

"இத்தனை வருஷமா சீவலை அப்படித்தான் மூழ்க வைக்கிறேன். ஒரு நாளாவது காத்து வந்துச்சா? இரும்பு டேங்க்ல பெட்ரோல் இல்லையா? அலுமினிய டேங்க்ல டீசல் இல்லையா? எரிபொருள் உலோகத்தைத் தின்னு காத்து விடும்னா ஊர்ல ஒரு வண்டி ஓடாது!"

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் என் கஷ்டம்.

பிறகு சொன்னான், குரலை உயர்த்தாமல்: "தப்புப் பண்ணலாம். பொய் சொல்லக்கூடாது. பொய் சொல்றவளை நம்பி எடுத்துக்கங்கன்னு நான் எப்படிச் சொல்வேன்? அந்த அம்மா போன் பண்ணா உள்ளதைத்தான் சொல்வேன்."

பிள்ளை பட்டறைக்குள் வரக்கூடாதாம்.

ஜூன் 7, சனி

இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பிள்ளை பொய் சொல்ல மாட்டாள். மகனுக்கு வேலை பிசகாது. இரண்டும் எப்படி உண்மையாகும்? யாரைக் கேட்பது? நானே பார்த்துவிடுவது என்று முடிவு.

எண்ணெய்க் கடைக்குப் போய் மண்ணெண்ணெய் வாங்கினேன். கடைக்காரர், "என்னம்மா நீங்களே வந்துட்டீங்க? உங்க மகனை இந்தப் பக்கமே காணோமே" என்றார். வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

கண்ணாடிப் பாட்டிலில் வெள்ளைச் சீவல் ஒரு பிடி, மூழ்கும்வரை எண்ணெய், வாயில் ஒரு பலூன் மாட்டி நூல் கட்டி, கொல்லைச் சுவர்மேல் வைத்தேன். காற்று வந்தால் பலூனுக்குத் தெரியுமே.

மருமகள் எட்டிப் பார்த்து, "அத்தை, யாருக்குப் பிறந்தநாள்?" என்றாள். மகள் கை வெந்து கிடக்கிறது, இவளுக்குக் கேலி. இல்லை, பாவம், அவளும் அழுதுவிட்டுத்தான் வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

மத்தியானம் பலூன் தலை தூக்கியது! அடுப்பில் வைத்ததை விட்டுவிட்டு ஓடினேன். பாதி எழுந்து நின்றது. பிள்ளையைக் கூப்பிட வாயெடுத்தேன். ஏனோ கூப்பிடவில்லை.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் அது துவண்டு படுத்துக்கொண்டது. வெயில் சூட்டுக்கு உள்ளே இருந்த காற்றே விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். நல்லவேளை கூப்பிடவில்லை.

ஜூன் 12, வியாழன்

பாட்டிலை நிழலுக்கு மாற்றியும் பார்த்தாயிற்று. ஒரு குமிழ் இல்லை. சீவல் போட்ட அன்று எப்படிப் பளபளத்ததோ இன்றும் அப்படியே. மகன் சொன்னது சரி.

பிள்ளையிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ? "ஏண்டி, நான் வச்சுப் பாத்தேன். காத்து வரலையே" என்றேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீயுமா பாட்டி?"

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நானுமா? நான் என்ன செய்யட்டும், பலூன் எழவில்லையே. என் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லவா? வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். மருமகள், "அத்தை, தரை தேஞ்சு போகும், உக்காருங்க" என்கிறாள்.

ஜூன் 13, வெள்ளி

இன்று ஒன்று நடந்தது. பெரிதா சிறிதா தெரியவில்லை.

தீப்பட்ட அன்று பிள்ளை போட்டிருந்த சட்டை மூலையில் சுருட்டிக் கிடந்தது. துவைக்கலாம் என்று எடுத்தேன். கைப்பக்கம் கருகல். முன்பக்கமெல்லாம் டின்னிலிருந்து தெறித்த கறை, காய்ந்து வெள்ளை வெள்ளையாக. மூக்கில் வைத்துப் பார்த்தேன். கருகின வாடை. வேறு ஒன்றும் இல்லை.

மகனுடைய துணியை நான் துவைத்தவள். மண்ணெண்ணெய் பட்ட துணி மூன்று அலசலுக்குப் பிறகும் நாறும். பெட்டியில் வைத்தால் பக்கத்துத் துணியும் நாறும். இந்தச் சட்டை துவைக்கவே இல்லை. வாடை எங்கே போயிற்று?

அந்த டின்னில் என்னதான் இருந்தது? கடைக்காரர் சொன்னது இப்போதுதான் உறைக்கிறது. மகன் அந்தப் பக்கமே காணோமாம்.

ஜூன் 14, சனி

சாப்பிடும்போது கேட்டேன், சும்மா கேட்பதுபோல. "மண்ணெண்ணெய் எப்படா வாங்கின?"

"தீந்து போய் நாளாச்சும்மா. வாங்க நேரமில்ல."

"அப்ப சீவலுக்கு?"

"ரேஸ் வண்டி வந்துச்சுல்ல, அதுல இருந்து இறக்கின ஸ்பிரிட் கிடந்துச்சு. அதை ஊத்தினேன். அது இன்னும் நல்லது, ஒரு சொட்டு ஈரம் இருக்காது. எல்லாம் எரியுறதுதானே."

கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அந்த ரேஸ் வண்டிக்குப் பெட்ரோல் இல்லை, ஸ்பிரிட்தான். ஓட்டம் முடிந்ததும் அதை இறக்கிவிட்டு, எஞ்சினைப் பெட்ரோலால் அலசி வைப்பார்கள். அது எனக்கே தெரியும். ஏன் அலசுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அவனும் கேட்கவில்லை போல.

பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "ஸ்பிரிட்டா? அப்பா டின்ல ஊத்தினது ஸ்பிரிட்டா?" இடது கையாலேயே போனில் தேடினாள். படித்துக் காட்டினாள். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் டீசலும் மெக்னீசியத்தை ஒன்றும் செய்யாதாம். இந்த ஸ்பிரிட், மெத்தனாலாம், அதைக் கரைக்குமாம். எஞ்சினை அலசுவதும் அது உலோகத்தை அரிக்கும் என்றுதானாம். கரைக்கும்போது ஹைட்ரஜன் என்ற காற்று வெளியே வருமாம். பொறி பட்டால் பிடிக்குமாம். ஹைட்ரஜன் தீயும் சரி, ஸ்பிரிட் தீயும் சரி, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாதாம்.

கண்ணுக்குத் தெரியாத தீ! அந்த வார்த்தைக்குத்தானே அவளைப் பொய்க்காரி என்றான்.

"போய்ச் சொல்லுடி அவன்கிட்ட."

"மாட்டேன். போன்ல படிச்சுட்டு வந்து சாக்குச் சொல்றேன்னுவார். வேணாம் பாட்டி, விடு."

விடவா? நானா?

ஜூன் 15, ஞாயிறு

மகன் வெளியே போன நேரம், ஸ்பிரிட் ஊற்றி இன்னொரு பாட்டில் வைத்தேன். பிள்ளை ஜன்னலில் நின்றபடி அதிகாரம் பண்ணினாள். "கையுறை போடு. அது விஷம், கையில வாயில படக்கூடாது. நாலே நாலு சுருள் போதும், பிடி போடாதே. அடுப்பை அணைச்சாச்சா? வச்சுட்டு தள்ளி வா." பட்டறையிலும் இப்படித்தான் இருந்திருப்பாள். இவளா டப்பாவை மூடாமல் வைத்தவள்?

இந்தத் தடவை முதலிலேயே நிழலில்.

வெகு நேரம் ஒன்றுமில்லை. மனது கனத்துப் போயிற்று. பிறகு சுருளின் ஓரத்தில் ஊசிமுனைபோல ஒரு குமிழ். அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. ஸ்பிரிட் பால்போல் கலங்கியது. படுத்துக் கிடந்த பலூன் முழங்கை ஊன்றி எழுவதுபோல எழுந்தது. வெயில் போயிற்று, விளக்கும் ஏற்றியாயிற்று, இன்னும் படுக்கவில்லை.

பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கருகின புருவத்தோடு. தீ பட்டதற்குப் பிறகு முதல் சிரிப்பு.

ஜூன் 16, திங்கள்

சந்தோஷப்பட வேண்டியவள் ஏன் இப்படி அலைகிறேன்? பாட்டிலைக் காட்டினால் மகன் தலை குனிவான். தன் பெண்ணின் கையைச் சுட்டது தன் கைதான் என்று தெரிந்துகொள்வான். காட்டாவிட்டால் இவள் ஆயுசுக்கும் பொய்க்காரி. அந்த அம்மாவின் போன் இன்று வருமோ நாளை வருமோ. என் மகன் கைவேலை பிசகாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. என் வாய்க்கும் இருந்ததில்லை.

இதை அவனுக்கு யார் சொன்னாலும் பொறுக்க மாட்டான். பெற்றவள் சொன்னால்?

ஜூன் 17, செவ்வாய்

காட்டிவிட்டேன். மருமகளை வேண்டுமென்றே கடைக்கு அனுப்பிவிட்டு, அவனைக் கொல்லைக்குக் கூப்பிட்டேன். இரண்டு பாட்டிலிலும் புதிதாக நாலு நாலு சுருள் போட்டு வைத்திருந்தேன்.

"என்னம்மா இது, பொம்மைக் கடையா?"

"இது மண்ணெண்ணெய். இது உன் ஸ்பிரிட். சீவல் ரெண்டுலயும் உன் லேத்துல விழுந்ததுதான்."

ஒரு பலூன் படுத்திருந்தது. ஒன்று விறைத்து நின்றது. பார்த்தான். "வெயிலுக்கு எழும்பியிருக்கும்" என்றான். அந்த வெயிலில் நான் முன்னமே ஏமாந்தவளாயிற்றே! "நிழல்லதாண்டா இருக்கு. தொட்டுப் பாரு" என்றேன். தொட்டான். பாட்டில் வெதுவெதுவென்று இருந்தது. விரலை எடுக்கவில்லை.

"எல்லாம் எரியுறதுதானேம்மா…" என்றான்.

"எரியுறதெல்லாம் ஒண்ணாகுமாடா?"

பட்டறைக்குப் போனான். லேத் சத்தம் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

அவனே தனியாக ஒரு பாட்டில் வைத்திருக்கிறான். என் பாட்டிலை நம்பவில்லை. கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. என் மகன் அல்லவா.

ஜூன் 20, வெள்ளி

போன் வந்தது. நான் பட்டறை வாசல்படியில் துடைப்பத்தோடு நின்றேன். கூட்டவில்லை. நின்றேன்.

"சொல்லுங்க மேடம்… ஆமா, இங்கதான் கத்துக்கிட்டா… நீங்க கேக்கிறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிடறேன். இந்த மாசம் என் பட்டறையில தீப்பிடிச்சுது. மெக்னீசியம் சீவல்ல மெத்தனாலை ஊத்தி இறுக்கி மூடி வச்சேன். நான்தான் வச்சேன், அவளுக்குத் தெரியாது. காத்து அடைச்சுக்கிட்டிருந்த டின்னை அவ திறந்தா, என் சாணைப்பொறி பட்டுது… கை வெந்துடுச்சு. வெந்த கையோட மணலை அள்ளிக் கொட்டி அணைச்சா. நான் அந்தப் பதற்றத்துல தண்ணி வாளியைத் தூக்கிட்டேன். ஊத்தாதேன்னு கத்தினது அவதான்."

தண்ணீர் வாளி! அது எங்களுக்கு அவன் சொல்லாத சேதி. அவளும் சொல்லவில்லை. இத்தனை பேச்சு வாங்கியும் அவள் சொல்லவில்லை.

"…இல்ல மேடம், என் பொண்ணுங்கிறதுக்காகச் சொல்லல."

பிள்ளை எனக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். நான் திரும்பியபோது போய்விட்டாள்.

அவளிடம் நேரில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் வலப்பக்கம் இருந்த டம்ளரை எடுத்து இடக்கைப் பக்கம் வைத்தான். அவள் எடுத்துக் குடித்தாள்.

ஜூலை 9, புதன்

பட்டறை கூட்டினேன். மகன் சீவலுக்குப் புது டின் செய்திருக்கிறான். மண்ணெண்ணெய்தான் ஊற்றியிருக்கிறான், வாடை வாசல்வரை வருகிறது. மூடியின் நடுவில் சின்னதாகத் துளை, லேத்தில் வைத்துப் போட்டிருக்கிறான், விளிம்பில் பிசிறு இல்லை.

"மண்ணெண்ணெய்ல காத்துதான் வராதே, அப்புறம் எதுக்குடா ஓட்டை?"

"இருக்கட்டும்மா" என்றான்.

ரேஸ் அணி வேலைக்குப் போனவள் ஸ்டூலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். சிம்மாசனம் இல்லாமல் வேலை ஓடாதாம். லேத் பக்கம் துடைப்பம் ஒரே இழுப்பில் போகிறது. இரண்டு தடவை கூட்டினேன்.