ஆறு ஜாடித் தண்ணீரும் செட்டில் என்ற சொல்லும்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் "நல்லாருக்கேம்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாய். நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று பதறாதேடி. போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "நான் கேட்டேன்னு சொல்லு" என்பார், நடுவில் சிக்னல் போகும், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொள் என்று சொல்லி வைத்துவிடுவேன். இன்றைக்கு விடுமுறை, அப்பா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார், வீடு அப்படியே நிற்கிறது, மேசைமேல் ஜன்னல் வெயில் ஒரு கைக்குட்டை அகலத்துக்கு விழுந்து கிடக்கிறது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினதிலிருந்து ஆரம்பிக்கிறேன். சித்தப்பா தன் சிநேகிதருடைய விளக்குக் கடையில் உனக்கு வேலை பேசி வைத்திருப்பதைச் சொன்னோம், பர்மனென்ட் வேலை, நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஏறினால் உட்காருவதற்குள் இறங்க வேண்டிய தூரம். நீ, "சரிம்மா, போதும். வந்து செட்டில் ஆயிடறேன்" என்றாய். அப்பா வாலிபன் மாதிரி எழுந்து நின்றுவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். நீ வீட்டில் இருந்தால் நான் வேலையிலிருந்து வரும்போது உள்ளே விளக்கு எரியும், பாத்ரூமில் உன் தலைமுடி அடைத்துக்கொண்டிருக்கும், அதற்கு உன்னைத் திட்டலாம். ஆனால் போனை வைத்த பிறகு அந்தப் "போதும்" மட்டும் காதிலேயே நின்றுவிட்டது. நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடைக்கு வெளிச்சம் போடுகிற இத்தனை வருஷத்தில், எந்த வாரமும் நீ வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் போனை வைத்ததில்லை. இரண்டாவது காட்சியில் எப்படி விடியவைத்தாய், மழை இல்லாமலேயே மழை பெய்து ஓய்ந்த வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவந்தாய் என்று அளப்பாய், எனக்குப் பாதி புரியாது, ஊம் கொட்டுவேன். போன ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீ சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் டீயை வைத்துக்கொண்டு உன் பழைய ஆங்கில அகராதியை எடுத்தேன். செட்டில், செட்டில் என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அதற்கு அர்த்தம்தான் என்ன, பார்த்துவிடலாம் என்று. அடியம்மா, அரைப் பக்கம் இருக்கிறது! தூசி படிந்தாலும் அதே சொல், பறவை கிளையில் வந்து அமர்ந்தாலும் அதே சொல், சண்டை சமாதானமானாலும், பொருமுகிற வயிறு அடங்கினாலும், ஜனங்கள் ஓரிடத்தில் குடியேறினாலும், அழுத குழந்தை தூங்கிப் போனாலும் அதே சொல். நமக்கு ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை இருக்கிறது, படிவது, அமர்வது, அடங்குவது, தெளிவது என்று. அவர்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறார்கள், நாம் பையோடு கடன் வாங்கிவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பிள்ளைகள் தலையில் தூக்கி வைக்கிறோம். முதுகுப் பக்கம் உயரமான மர பெஞ்சுக்கும் அதே பெயராம். அப்பாவிடம் சொன்னேன், "அப்போ நான் ரிட்டயர் ஆன அன்னைக்கே செட்டில் ஆயிட்டேன்" என்று சாய்ந்துகொண்டார். சிரித்துக்கொண்டே கீழே படித்தேன். கடைசிக்கு முந்தின வரியில், விரும்பியது கிடைக்காதபோது கிடைத்ததை ஏற்றுக்கொள்வது என்று போட்டிருந்தது. அகராதியை மூடிவிட்டேன், டீ ஆறிப்போயிருந்தது.

அடுத்த நாள் வேலைக்குப் போனால் அங்கேயும் அதே ஞாபகம். என் வேலைதான் உனக்குத் தெரியுமே, ஊருக்குப் போகிற தண்ணீரைக் குழாய்க்கு விடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பது. ஆறு ஜாடியில் ஆற்றுத் தண்ணீரை எடுத்து, முதல் ஜாடிக்குக் கொஞ்சம் படிகாரம், அடுத்ததற்கு அதைவிடக் கொஞ்சம் கூட என்று ஏற்றிக்கொண்டே போய், முதலில் வேகமாகக் கலக்கி, பிறகு மெதுவாகக் கலக்கி, கடைசியில் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாகியும் அந்த உட்கார்ந்திருக்கும் நேரம் எனக்கு அலுக்கவில்லை. பின்னால் குழல்விளக்கு எரிகிறது, கலங்கல் எல்லாம் ஒன்றையொன்று தேடிப் பிடித்துச் சின்னச் சின்னப் பஞ்சாகத் திரள்கிறது, பிறகு யாரோ சொன்னது போல ஒவ்வொன்றாக இறங்குகிறது. பம்ப் சத்தம்கூடத் தூரத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிடும். நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்கே மறந்துபோகும், சில நாள் அந்தப் பஞ்சுகளோடு நானும் இறங்கிக்கொண்டிருப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஜாடி சேறாகவே நிற்கும், படிகாரம் போதாது. மூன்றாவதோ நான்காவதோ கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். ஆறாவதில்தான் எல்லாவற்றையும்விட அதிகப் படிகாரம், ஆனால் அது மறுபடி கலங்கி நிற்கும். நிறையப் போட்டால் சீக்கிரம் தெளியும் என்று நினைத்தால் நடப்பது அதுதான். தினமும் பார்க்கிறேன். அன்றைக்கு ஆறாவது ஜாடியைக் கையில் எடுத்தபோது எனக்கு உன் குரல் ஞாபகம் வந்தது. சித்தப்பா ஒரு கரண்டி போட்டார், அப்பா ஒரு கரண்டி, நான் அதற்கு மேல் ஒரு கரண்டி. உன்னைத் தெளியவைக்கிறோம் என்று மூன்று பேரும் சேர்ந்து கலங்கவைத்துவிட்டோம்.

இதற்கிடையில் அப்பா உன் அறைக்கு நீல வண்ணம் வாங்கிவந்து ஒரு சுவரை அடித்தே முடித்துவிட்டார், முழங்கால் வலி எங்கே போனதோ. ஜன்னலோரத்துச் சுவரில் தலைமுடி அளவு ஒரு விரிசல் ஓடுகிறது, அதைப் பூசிவிட்டு அடிக்கலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டார். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், ஜுரம் பார்க்கிற மாதிரி. "இது ஒடஞ்ச விரிசல் இல்ல சார், வீடு செட்டில் ஆகுது. பூசினாலும் திரும்ப வரும், விட்ருங்க" என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது, "கட்டி முப்பது வருஷம் ஆச்சேய்யா" என்றார். அவர் அலட்டிக்கொள்ளாமல் "அதுக்கு என்ன சார், வீட்டுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சாயங்காலம் சித்தப்பா வந்தார், வழக்கமான பாட்டை ஆரம்பித்தார், மாசக் கடைசிக்குள் கடைக்குப் பதில் சொல்ல வேண்டும், எப்போது வந்து சேர்கிறாள், இந்த வயதில்கூட செட்டில் ஆகாவிட்டால் எப்படி என்று. அப்பா அவரைக் கையைப் பிடித்து உன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் அந்த விரிசலைக் காட்டினார். "முப்பது வருஷமா நிக்கிற வீடே இன்னும் செட்டில் ஆகலையாம்டா, எம்பொண்ண மட்டும் ஏன் வெரட்டற" என்றார். சித்தப்பா சுவரையும் அப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், அப்புறம் காபி கேட்டார். அவரையும் குறை சொல்லாதே, உன்மேல் பிரியம் இல்லாமல் யாரும் இப்படி அலைய மாட்டார்கள். அவர் போன பிறகு அப்பா ரொம்ப நேரம் உன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிறகு வண்ண டப்பாவை இறுக்கி மூடிப் பரண்மேல் வைத்துவிட்டார்.

அதனால் கேள் சுண்டு. நீ வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல எனக்கு மனசும் இல்லை, நீ வந்தால் தெருமுனைக்கே ஓடிவருவேன். ஆனால் நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வாயை மூடுவதற்காக நீ சொன்ன "சரி" எனக்கு வேண்டாம். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நீ வாய் திறக்கும்வரை கடைக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவரும் ஒத்துக்கொண்டார். தண்ணீரை டம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் தெளிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். உன்னை எதில் பிடித்துப் பார்ப்பது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது வேலையைப் பற்றி எதுவும் சொல்லாதே, நீ கடைசியாகப் போட்ட வெளிச்சத்தைப் பற்றி முதலில் சொல்லு. புரியாவிட்டாலும் ஊம் கொட்டுகிறேன். அதைச் சொல்லும்போது உன் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன், நீயும் கேட்டுக்கொள். சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்க மாட்டோம். சொல்ல இருந்தால் அங்கேயே இரு, எனக்குத் தூரம் பழகிவிட்டது. உன் அறையில் ஒரு சுவர் மட்டும் நீலமாக இருக்கிறது, மற்ற மூன்றும் பழையபடி. பார்க்க அப்படி ஒன்றும் மோசமாக இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, மேடை வேலை முடிந்ததும் தலையைத் துவட்டாமல் காற்றில் நிற்காதே, வெந்நீர்தான் குடிக்க வேண்டும், புது ஊர்த் தண்ணீரை டம்ளரில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டுக் குடி. அப்பா எழுந்துவிட்டார், தன்னையும் சேர்த்து எழுதச் சொல்கிறார், சேர்த்துவிட்டேன். எங்கே இருந்தாலும் நீ மனசு நிறைந்து, உடம்பு நன்றாக, நூறு வருஷம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே, வெளிச்சம் முதலில்.

இப்படிக்கு,
ஐம்பத்தேழு வயதாகியும் இன்னும் செட்டில் ஆகாத
உன் அம்மா