இரண்டு கல்லுக்கு நடுவில் கொஞ்சம் சேறு

நவம்பர் 4, திங்கள்

காலையில் ஒரு சுற்றறிக்கை. கூட்டாட்சி, நல்லாட்சி பற்றிப் பன்னாட்டு உரையாடல் நடக்கிறதாம். மேடைப் பேச்சாளர்கள் இல்லை, களத்தில் வேலை பார்க்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதாம். அடுத்த வாரம், புதுச்சேரியில், கடற்கரை ஓட்டலில். ஒன்பது நாட்டிலிருந்து வருகிறார்கள். காரைக்கால் பொதுப்பணித் துறையிலிருந்து நான் பேச வேண்டும். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'எல்லை கடந்த வடிகால் மேலாண்மை – ஒருங்கிணைப்பின் வெற்றிக்கதை.'

அதில் கதை என்பது மட்டும் உண்மை.

தாழம்பாடி வடிகாலைச் சொல்கிறார்கள். நெரவி வயல்களின் தண்ணீர் அதில் இறங்கி, எல்லையைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கமாகப் போய்க் கடலில் சேர வேண்டும். செப்டம்பரில் நம் பொக்லைன் எல்லைக்கல் வரை தூர்வாரியது. கல்லைக் கண்டதும் கையை மடக்கிக்கொண்டு கரையேறிவிட்டது. அதற்கப்பால் வெங்காயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு நின்று மறைக்கிறது. அது அவர்கள் வேலை. அவர்கள் செய்யவில்லை. இதில் ஒருங்கிணைப்பு எங்கே இருக்கிறது?

செயற்பொறியாளர் சிவசுப்பிரமணியன் சாரிடம் கேட்டேன். "கொஞ்சம் பாசிட்டிவா பேசுங்க மங்கை. வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க" என்றார்.

நவம்பர் 8, வெள்ளி

மழை. முந்தாநாள் பிடித்தது, விடவில்லை.

நவம்பர் 9, சனி

நெரவியிலிருந்து வெண்மதி போன் செய்தார். ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருக்கிறார். நட்டு ஒரு மாதம் இருக்கும். போய்ப் பார்த்தேன். வயல் என்று சொல்ல முடியாது, குளம். நாற்றின் நுனிகூடத் தெரியவில்லை.

"நேத்தே வடிஞ்சிருக்கணும் மேடம். ஒரு விரக்கடை எறங்கல. அந்தா, அந்தக் கல்லுகிட்டதான் அடைச்சிக்கிட்டு நிக்குது. ஊருக்கே தெரியுது. யாருகிட்ட சொல்றது?"

என்னிடம் சொல்லிவிட்டார். நான் யாரிடம் சொல்வது?

சாரிடம் சொன்னேன். அந்தப் பக்கத்து ஆபீசுக்கு ஒரு போன் போடுங்கள் சார், இன்னும் நாலு நாள் நின்றால் பயிர் அழுகிவிடும் என்றேன். "ஃபைல் பாண்டிக்குப் போயிருக்கும்மா. அங்கேருந்து சென்னை, சென்னையிலேருந்து நாகப்பட்டினம் வரும். நாம நேரா பேசினா முறையில்ல." நாகப்பட்டினம் இங்கிருந்து ஒரு டவுன் பஸ் தூரம். ஃபைல் எந்த பஸ்ஸில் ஏறியதோ தெரியவில்லை.

முறையில்லையாம். தண்ணிக்கு யாரு முறை சொல்லிக் குடுக்கிறது?

நவம்பர் 12, செவ்வாய். புதுச்சேரி

ஏசி குளிரில் பல் கிட்டுகிறது. கழுத்தில் அட்டை. மாநில வாரியாக உட்கார வைத்திருக்கிறார்கள். காலை முழுக்க ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் அதிகாரப் பகிர்வு பற்றி வட்டம் வட்டமாக வரைந்து காட்டினார். அழகான வட்டங்கள்.

சாப்பாட்டு மேசையில் லொரேன் என்ற அம்மா. பிரான்சில், பெல்ஜிய எல்லையோரம் ஒரு சிற்றூரில் துணை மேயர். பூர்வீகம் காரைக்கால்தான். அவர் ஊரிலும் ஓர் ஓடை நாட்டு எல்லையைத் தாண்டுகிறதாம். "அடைச்சிக்கிட்டா அந்தப் பக்கத்து மேயருக்கு போன் போடுவேன். அவங்க ஆளும் வரும், எங்க ஆளும் வரும்." அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: "உங்களுக்கு அந்தப் பக்கம் இந்த வேலைய பாக்குறவரு யாரு? பேரு என்ன?"

தெரியவில்லை. ஆறு வருஷமாக இந்த வடிகாலோடு மாரடிக்கிறேன், எதிரில் இருக்கிற ஆளின் பெயர் தெரியாது. கோபம் அந்த அம்மாமேல் வந்தது. பிரெஞ்சு பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து நமக்குப் பாடம் எடுக்கிறார்களே என்று. நியாயமில்லாத கோபம். ஆனாலும் வந்தது.

வெண்மதி இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல? இங்கே சூப் நன்றாக இருக்கிறது என்றா?

நவம்பர் 13, புதன்

இன்று என் பேச்சு.

எனக்கு முன்னால் தமிழ்நாட்டுப் பேச்சாளர். ரஞ்சித்குமார், உதவிப் பொறியாளர், சின்ன வயசு. திரையில் பார்க்கிறேன், அதே தாழம்பாடி வடிகால்! அவருக்கும் அதே வெற்றிக்கதையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கடலில் இருந்து எல்லைக்கல் வரை தூர்வாரிவிட்டோம் என்று ஒரு படம் போட்டார். பொக்லைன் நிற்கிறது, பக்கத்தில் கல்.

அது எங்கள் கல் இல்லை. எங்களுடையது பிரெஞ்சுக்காரன் நட்டது, குட்டை, தலை சப்பை. இது நெட்டையாக, நம்பர் வெட்டி நிற்கிறது.

எழுந்துவிட்டேன். "அது எந்தக் கல்லு சார்?"

"எல்லைக்கல்லு மேடம். இங்கிலீஷ்காரன் காலத்துது. அதுக்கு அந்தப் பக்கம் உங்களுது. நீங்கதான் தூர்வாரல."

நாங்கதான் வாரலையாம்!

ஆக ரெண்டு கல். அவனவன் நட்டுவிட்டுக் கப்பல் ஏறிப் போய்விட்டான். நாங்கள் எங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிற கல்லோடு நின்றுகொண்டோம், அவர்கள் அவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கிற கல்லோடு. நடுவில் கிடப்பது ஒரு கல்யாண மண்டப நீளம்கூட இராது. அந்தச் சேற்றை யாருமே எங்களுடையது என்று சொல்லவில்லை. அதற்கடியில் எண்ணெய் இருந்திருந்தால் இந்நேரம் எத்தனை கொடி பறந்திருக்கும்!

என் முறை வந்தது. படங்கள் எதையும் போடவில்லை. இரண்டு கல்லையும் சொன்னேன், வெண்மதியைச் சொன்னேன், நான் இங்கே நின்று பேசுகிற இந்த நிமிஷமும் அந்தப் பயிர் தண்ணீருக்குள்தான் இருக்கிறது என்றேன். முன் வரிசையில் சாரின் முகம் சுருங்கிப்போயிருந்தது.

கை தட்டினாங்க. எழுந்து நின்னு தட்டுறாங்க! அங்க பயிரு அழுகுது, இவங்க கை தட்டுறாங்க. என்ன ஜென்மங்களோ. கூட்டத் தலைவர் என் நேர்மையை மெச்சினார். கூட்டுப் பணிக்குழு அமைப்பார்களாம், மார்ச்சில் அறிக்கை வருமாம். மார்ச்சில் வெண்மதி அறிக்கையையா அறுப்பார்?

லொரேன் மட்டும் கை தட்டவில்லை. பக்கத்தில் வந்து, "அவரு நம்பர வாங்கிட்டீங்களா?" என்றார்.

ரஞ்சித்குமார் காபி மேசைக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றிருந்தார்.

"எங்க மிஷின் பக்கத்துலதான் நிக்குது மேடம். டீசல்தான் இல்ல."

"டீசல் நான் போடுறேன்."

"ஆர்டர் இருக்கா?"

"உங்ககிட்ட?"

"இல்ல."

"என்கிட்டயும் இல்ல."

நம்பரை வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 14, வியாழன்

வேலை முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்குள். இரண்டு கல்லையும் தாண்டி, ஒரே மிஷின். தண்ணீர் பிய்த்துக்கொண்டு போனது. யாரும் போட்டோ எடுக்கவில்லை. எடுத்தால் எங்கள் இரண்டு பேருக்கும் அதுவே வினை.

நவம்பர் 18, திங்கள்

மேட்டில் இருந்த நாலு மா பிழைத்துக்கொண்டது. பள்ளத்தில் இருந்த இரண்டு மா அழுகிவிட்டது. வெண்மதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்தச் சுவிட்சர்லாந்துக்காரர் வட்டம் வரைந்ததை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த நேரத்தில் போயிற்று அந்த இரண்டு மாவும்.

நவம்பர் 25, திங்கள்

மெமோ. 'இயந்திரத்தை உரிய அனுமதியின்றி எல்லை கடக்கச் செய்தமைக்கு விளக்கம் கோரப்படுகிறது.' எந்த எல்லை? எந்தக் கல்?

ரஞ்சித்குமாருக்கும் வந்திருக்கிறது. போனில் படித்துக் காட்டினார். வாசகம் அப்படியே இருக்கிறது. ஒருங்கிணைப்பு இதில் மட்டும்தான்.

ஜனவரி 10, வெள்ளி

மெமோவுக்கு இரண்டாவது நினைவூட்டல். பதில் எழுதவில்லை. எழுத மாட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

சார் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே எனக்குச் சந்தேகம். உரையாடலின் அறிக்கை வந்துவிட்டதாம். தாழம்பாடி வடிகால் மற்ற நாடுகளுக்கு முன்மாதிரியாம். ஜூனில் சுவிட்சர்லாந்தில் அடுத்த கூட்டம், சார் போகிறார். ஒரே குறை, போட்டோ இல்லை.

"மிஷினை மறுபடி அங்க நிறுத்திடலாம். கல்லுக்குப் பக்கத்துல நீங்க, அந்தத் தம்பி, நடுவுல நான்."

"அனுமதி சார்?"

"காலையில கேட்டேன், மத்தியானமே ரெண்டு பக்கமும் குடுத்துட்டாங்க."

நவம்பர்ல எங்கய்யா போயிருந்தீங்க எல்லாரும்? வாய் வரைக்கும் வந்துவிட்டது. சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ரஞ்சித்குமாருக்கு போன் போட்டேன். கீழ்ப் பக்கத்து மதகில் மறுபடி வெங்காயத்தாமரை அடைத்திருக்கிறது என்று பொங்கலிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறார். "தம்பி, டேங்க் நிறைய டீசல் போடச் சொல்லுங்க. அவங்க கணக்குல."

பிப்ரவரி 6, வியாழன்

போட்டோ எடுத்தாயிற்று. சார் வெள்ளைச் சட்டை. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் நாலு காரில் வந்து இறங்கினார்கள், பிளாஸ்க்கில் டீ, தட்டில் சமோசா. "போதும், மிஷினை நிறுத்துங்க" என்றார் சார். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் கையைக் காட்டினேன். மிஷின் மதகுப் பக்கம் போயிற்று, சாயங்காலம் வரை அள்ளியது. "என்ன மங்கை இது?" என்றார் சார். "வேலை நடக்கிற மாதிரி இருந்தா படம் நல்லா வரும் சார்" என்றேன். அத்தனை பேர் எதிரில் தலையை ஆட்டிவிட்டுச் சமோசாவை எடுத்துக்கொண்டார்.

பக்கத்து வயலில் வெண்மதிக்கு அறுப்பு. பள்ளத்து இரண்டு மா வெறுமையாகக் கிடந்தது. கரைக்கு வந்து கார்களை, சட்டைகளை, சமோசாவை எல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இத்தன பேரும் அன்னிக்கு வந்திருக்கக் கூடாதா மேடம்?"

சார் அதற்குள் காரில் ஏறிவிட்டார்.

மெமோவுக்கு மூன்றாவது நினைவூட்டல் மேசைமேல் இருக்கிறது. நாளைக்குப் பதில் அனுப்புகிறேன். எழுத ஒன்றுமில்லை, இந்தப் போட்டோவில் ஒரு பிரதி வைத்தால் போதும்.