கடைசிப் பதினோரு நிமிடம்

திருவனந்தபுரம்
14.1.2002

அன்புள்ள பிரிஸிக்கு,

பார்சல் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. ஸ்வெட்டர் அக்காவுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. இந்த ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள், சொன்னால் கேட்கவில்லை. இனி டேப்புக்கு வருகிறேன்.

எங்கே பிடித்தாய் இதை? பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும் இரண்டு ரயில் டேப்பையும் எடுத்து எடுத்து, அங்குள்ள அம்மா என்னைக் கண்டதுமே அலமாரியைக் கைகாட்டிவிடுவார். அவற்றில் இல்லாததெல்லாம் இதில் இருக்கிறது. மூன்று டாக்குமெண்டரி, மூன்றும் கறுப்பு வெள்ளை. ஓடுகிற ரயில் நிற்காமலே தண்ணீர் குடிக்கிறது பிரிஸி. தண்டவாளத்துக்கு நடுவில் நீளமாகத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அதன் மேல் வரும்போது கரி தள்ளுகிறவர் அகப்பை மாதிரி ஒன்றைக் கீழே இறக்குகிறார். தண்ணீர் இரண்டு பக்கமும் பீறிக்கொண்டு அடிக்கிறது. முதல் பெட்டியில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்த ஒரு துரை குளித்தே விட்டார். அந்தத் துரையை மட்டும் ஐந்து தடவை ஓட்டிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு ஸ்ரீஜித், அவன் அம்மா, எல்லாரும் வந்துவிட்டார்கள். “சேட்டா, இது டிரெயினோ சர்க்கஸோ?” என்று கேட்கிறான். கரி அள்ளுகிற மண்வெட்டியைக் கழுவி, அதிலேயே முட்டை பொரித்துத் தின்கிறார்கள் இஞ்சின்காரர்கள். அக்கா முகத்தைச் சுளித்தாள். ஆனால் அன்றைக்கு நம் வீட்டிலும் முட்டைதான்.

நீ சுகம்தானே.

உன்
சத்தியதாஸ்

டார்லிங்டன்
26.1.2002

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கும் மைனிக்கும்,

தேவ கிருபையால் நலம். ஞாயிறு ஜெபம் முடிந்ததும் மைனி இதைச் சத்தமாக வாசிப்பார்கள் என்பதால், ஸ்ரீஜித்துக்கும் அவன் அம்மாவுக்கும் இப்போதே என் அன்பைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே பனி. வார்டில் வேலை அதிகம். மைனி, ஸ்வெட்டரை அங்கே போட்டுக்கொண்டு மயங்கி விழுந்துவிடாதீர்கள்.

அத்தான், குளித்த துரைக்கு அரைப் பக்கம் கொடுத்த நீங்கள் எனக்கு இரண்டே வார்த்தை கொடுத்திருக்கிறீர்கள். பரவாயில்லை, சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். டேப்பைக் கடைசி வரை பார்த்தீர்களா? அவசியம் பாருங்கள்.

அன்புடன்
பிரிஸில்லா

திருவனந்தபுரம்
6.2.2002

அன்புள்ள பிரிஸிக்கு,

கடைசி வரை பார்த்தீர்களா என்று என்னிடமே கேட்கிறாய். ஒன்பது தடவை பார்த்தாயிற்று, கடைசி விசில் வரை.

இரண்டாவது படத்தில் தபால் ரயில் வருகிறதே, அதைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. லைன் ஓரத்தில் கம்பம் நட்டுத் தோல்பையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ரயில் முழு வேகத்தில் வருகிறது, பெட்டியிலிருந்து ஒரு வலை நீளுகிறது, டப்பென்று பை உள்ளே. என் நெஞ்சே நின்றுவிட்டது. பெரிய இஞ்சினுக்கு எத்தனை சக்கரம் என்று வேலப்பன் முதலாளியோடு கடையில் பெரிய தர்க்கம். அவர் பத்து என்றார். வீட்டுக்குக் கூட்டி வந்து படத்தை நிறுத்தி எண்ணிக் காட்டினேன். பன்னிரண்டு.

நீ என்ன சாப்பிடுகிறாய்? பார், கேட்டுவிட்டேன்.

உன்
சத்தியதாஸ்

டார்லிங்டன்
17.2.2002

அத்தான்,

இதைக் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டில் வாசிக்க வேண்டாம்.

ஒன்பது தடவையும் நான் கேட்டதைக் கேட்டுவிட்டு, இஞ்சினுக்குப் பன்னிரண்டு சக்கரம் என்று எழுதுகிறீர்கள். நான் என்ன நினைக்கட்டும்?

படங்கள் முடிந்த பிறகு டேப்பில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. என்னோடு வேலை செய்யும் நாகர்கோவில் சூடாமணியிடம் கேமரா இருக்கிறது. வெட்கத்தை விட்டு அதன் முன்னால் உட்கார்ந்து மூன்று நிமிடம் பேசினேன். இங்கே வந்துவிடுங்கள் என்று கேட்டேன். வீட்டுக்கு எழுதினால் தெருவே கேட்கும், போனில் பேசினால் மைனி பக்கத்தில் நிற்பார்கள். ரயில் படத்தைக் கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பது நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்தேன். அதோடு, “பொண்டாட்டி சம்பாதிக்குத ஊர்ல வந்து நான் பாத்திரம் கழுவவா?” என்று ஏர்போர்ட்டில் கேட்டீர்களே, அதற்கு முகத்தைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

குடும்பக் குவார்ட்டர்ஸுக்கும் விசாக் கடிதத்துக்கும் மார்ச் 15-க்குள் பெயர் கொடுக்க வேண்டும். ஃபாரத்தில் உங்கள் பக்கம் காலியாகக் கிடக்கிறது. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் ஓர் ஊரில் ஞாயிறுதோறும் நீராவி ரயில் விடுகிறார்கள். இஞ்சின் துடைக்க ஆள் தேடுகிறார்களாம். இஞ்சினுக்காக வந்தாலும் சரி, வாருங்கள். அவ்வளவு இறங்கிவிட்டேன்.

பதில் வராவிட்டால் அதையே பதிலாக வைத்துக்கொள்வேன். மறுபடி கேட்க மாட்டேன்.

பிரிஸில்லா

திருவனந்தபுரம்
28.2.2002

என் பிரிஸி,

கடைசி வரை பார்த்தேன் என்று நான் எழுதியது பொய். மூன்றாவது படத்தின் முடிவில் பழைய இஞ்சின்களை வரிசையாக நிறுத்தி, கேஸ் வைத்து அறுக்கிறார்கள். பகலெல்லாம் சாலை பஜாரில் பழைய இரும்புக் கடையில் நான் செய்வது அதைத்தான். வீட்டுக்கு வந்தும் அதைப் பார்க்க மனசு வராது. முதல் தீப்பொறி தெறித்ததுமே நிறுத்திவிடுவேன், ஒன்பது தடவையும் அப்படித்தான். ரயில் பைத்தியம் என்று பெயர் வாங்கிவிட்டு இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

நேற்று உன் கடிதம் வந்ததும் முதலாளியிடம்கூடச் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினேன். எட்டு நிமிடம் அறுக்கிறார்கள். கண்ணை மூடாமல் பார்த்தேன். அப்புறம் நீ வந்தாய். மெலிந்துவிட்டாய். முடியை வெட்டியதை எழுதவே இல்லை. “எனக்கு இங்க பேசதுக்கு ஆளில்ல அத்தான்” என்று நீ சொன்ன இடத்தில் உடைந்துபோய் அழுதேன்.

திரும்பிப் பார்த்தால் அக்கா அடுக்களை வாசலில் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். “லேய் தாஸு, அவ இப்பிடி அழுது கேட்டிருக்கா, நீ சக்கரத்த எண்ணி எழுதியிருக்கியே. ஒனக்கு வெவரம் உண்டா?” என்றாள். அவளை எப்படித் தனியாக விட்டு வருவது என்று கேட்டேன். “எனக்கு டீச்சர் பென்ஷன் வருது. நீ என்னயா பாத்துக்கிடுத? நாந்தான் ஒனக்கு ஆக்கிப் போடுதேன்” என்று திட்டினாள். திட்டிக்கொண்டே என் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வைத்தாள்.

ஏர்போர்ட்டில் சொன்னதற்கு மன்னித்துவிடு. பயத்தில் சொன்னது அது. அந்த ஊரில் யாரும் என்னை ஓர் ஆளாக மதிக்காவிட்டால் நீயும் மதிக்கமாட்டாய் என்று பயந்தேன். பாத்திரம் கழுவுகிறேன், ஒன்றும் குறைந்துவிடமாட்டேன். இஞ்சினுக்காக வந்தாலும் சரி என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மட்டும் கிழித்துப் போடு. அந்த நாட்டில் ஒரு இஞ்சினும் இல்லாவிட்டாலும் வருவேன். நீ இருக்கும் இடத்தில் நான் இருக்க வேண்டும்.

நேற்றே பூத்திலிருந்து போன் செய்தேன். நீ டூட்டியில் இருந்தாய். வருகிறேன் என்று மட்டும் உன்னிடம் சொல்லும்படி சூடாமணியிடம் சொன்னேன், சொல்லியிருப்பாள். ஃபாரத்துக்கு வேண்டியிருக்கும் என்று இன்று காலை போட்டோ எடுத்தேன். நான்கு காப்பி இத்துடன் இருக்கிறது. பல் தெரியக் கூடாது என்று ஸ்டுடியோக்காரர் மூன்று தடவை எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் தெரிகிறது. உங்கள் ஆபீஸில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சொல், வேறு எடுத்து அனுப்புகிறேன். இந்த வாரம் மட்டும் கேட்காதே, வாயை மூட என்னால் ஆகாது.

உன்
தாஸ்