வெர்லின் உங்களிடம் கேட்டது

அப்பா,

மான்கறியும் பீன்ஸும் அடுப்பில் இருக்கின்றன, சூடாக்கினால் போதும். நாய்க்கு வைக்காதீர்கள், அதற்கு ரசனை உண்டு.

நான் போஸ்மனுக்கே, கல்லூரிக்கே, திரும்புகிறேன். உங்கள் சிநேகிதர் வெர்லின் தன் பழைய பாயின்ட் டூ டூ கைத்துப்பாக்கியை எனக்கு விற்கப்போவதில்லையாம். தகர டப்பாவையும் காகித வட்டத்தையும் குறிபார்த்துச் சுடுகிற சின்னத் துப்பாக்கி, அவ்வளவுதான். ஆனாலும் விசாரிக்காமல் அவர் யாருக்கும் விற்கமாட்டார். அதனால்தான் நேற்று உங்களைப் போனில் கூப்பிட்டார். காது மந்தம் என்று நீங்கள் ஸ்பீக்கரில் பேசினீர்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பையன் மனசளவில நல்லா இருக்கானில்ல, லாய்ட்?" என்றார்.

நீங்கள் வாய் திறப்பதற்குள் நான் ஒரு வாணலியையே தேய்த்து முடித்துவிட்டேன். பிறகு சொன்னீர்கள்: "அவன் எதை விளையாட்டாச் சொல்றான், எதை நெசமாச் சொல்றான்னு எனக்கே புரியல, வெர்லின்."

உண்மைதான், கல்லூரிப் பத்திரிகையில் எங்கள் முதல்வரை வாத்து என்று எழுதியவன் நான். ஆனால் எட்டு வயதில் என் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் பக்கத்தில் நின்றவர் நீங்கள். ஒருமுறையாவது அதன் முனையை யார் பக்கமாவது திருப்பியிருக்கிறேனா?

துப்பாக்கி அலமாரியின் என் சாவி சர்க்கரை ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது. இனி எனக்கு வேண்டாம்.

ட்ரெவர்

பி.கு. நம் ஏணியை இரவல் வாங்கிப்போக வெர்லின் சாயங்காலம் வருவார். என்னைப் பற்றி மறுபடி கேட்டால், இந்தத் தடவை சட்டென்று சொல்லிவிடுங்கள். எந்தப் பதிலானாலும் சரி.