பிடுங்கின பல்பு

ரஞ்சிதம்,

கே.ஜி.கண்டிகையில நின்னுபோன காரை எடுத்துகினு வரப் போறேன். டேஷ்போர்டுல சிவப்பு லைட்டு எரியுதுன்னு நீ சொன்னப்ப, மெக்கானிக்கைப் பார்க்காம பல்பையே பிடுங்கின மேதாவி நான். லைட்டு அணைஞ்சுது, கோளாறு தீர்ந்துதுன்னு பெருமை வேற.

பெல்ட்டு தளர்ந்ததாலதான் அது எரிஞ்சுதாம். அந்த பல்பு வழியா கரண்டு போனாத்தான் ஆல்டர்னேட்டர் பேட்டரியை சார்ஜ் பண்ணுமாம். காலையில மெக்கானிக் போன்ல சிரிச்சுகினே சொன்னாரு. பல்பு என் சட்டைப் பையில இருக்குது.

சாம்பார் அடுப்பு மேல இருக்குது. உங்க அக்காவும் பாவாவும் வந்தா, பேட்டரி போச்சுன்னு மட்டும் சொல்லு.

குணசேகரன்

பி.கு: நேத்து வண்டியில உன்னை வாயை மூடிகினு வான்னேன். அதுலேருந்து வீட்டுலயும் சார்ஜ் இறங்கிகினே போவுது. நான் வந்ததும் முதல்ல திட்டிடு.